காய்ப்புழுப் பருவம்

பிப்ரவரி 3, செவ்வாய்

எட்டு வருடம் கழித்து இன்று சேதுமாதவனைப் பார்த்தேன். முன்நெற்றியில் முடி கொட்டியிருக்கிறது. மற்றபடி அதே சிரிப்பு.

இயக்குநர் அறைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். போனால் அவன் உட்கார்ந்திருக்கிறான், கையில் சர்க்கரை போடாத காபியோடு. “வல்லி! எப்படி இருக்க?” என்று எழுந்து நின்றான். இயக்குநருக்கு ஒரே மகிழ்ச்சி. “ரெண்டு பேரும் பழைய சிநேகிதமா? அப்ப வேலை சுலபமாப் போச்சு” என்றார்.

வேலை இதுதான். தக்காளிக் காய்ப்புழுவுக்கு மருந்தடிக்காமலே ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறதாம் சேதுவின் நிறுவனம். பச்சை நிறத்தில் ஒரு சின்ன டப்பா. அதைக் குச்சியில் கட்டி வயலில் நட்டு வைத்தால், உள்ளே இருக்கும் வேதிப்பொருள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றில் கசியும். ஆண் அந்துப்பூச்சி அதை முகர்ந்தால், பெண்ணின் வாசனையை உணர்கிற அதன் மூளைப் பகுதி அடங்கிவிடும். பெண் பக்கத்துச் செடியிலேயே உட்கார்ந்து அழைத்தாலும் ஆணுக்கு உறைக்காது. கூடல் இல்லை, முட்டை இல்லை, புழு இல்லை. கிணத்துக்கடவுப் பக்கம் அறுபது விவசாயிகள் இந்தக் கோடையில் மருந்தைத் தொடாமல் இதைப் போட்டுப் பார்க்கப் போகிறார்கள். எங்கள் ஆராய்ச்சி நிலையம் நடுவில் நின்று கண்காணிக்க வேண்டும். கண்காணிக்கப் போவது நான்.

“அமிர்தவல்லியை விட்டா இதுக்கு வேற யாரு சார் இருக்கா?” என்று சேது இயக்குநரிடம் சொன்னான். முகத்தில் கூச்சத்தின் சுவடுகூட இல்லை.

அந்தக் கண்டுபிடிப்பு என்னுடையது.

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். கேஸ் தீரப் போகிறது, சிலிண்டர் பதிவு செய்தேன்.

பிப்ரவரி 5, வியாழன்

பெனிட்டா கேட்டாள்: “அந்த சார் ஒங்களுக்கு ஃபிரண்டா மேடம்?” பெனிட்டா என்னிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்யும் மாணவி. தூத்துக்குடிக்காரி. மனதில் பட்டதைக் கேட்டுவிடுவாள்.

“கூட வேலை பார்த்தவர்” என்றேன்.

அப்போது எங்கள் இருவருக்கும் ஒரே ஆய்வகம். பூச்சி வளர்ப்பு அவன் பொறுப்பு, மூளைப் பதிவு என் பொறுப்பு. எண்ணால் மட்டும் குறித்து வைத்திருந்த ஒரு வேதிப்பொருளைக் காட்டியதும் ஆண் பூச்சிகளின் மூளை பெண்ணின் வாசனைக்குச் செவிடாகிப் போனதை நான்தான் முதலில் கண்டேன். அந்த வாரத்தில் அப்பாவை ஈரோட்டில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் விடுப்பில் போனேன். சேது சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பார்க்க வந்தான். அப்பாவின் கட்டிலில் உட்கார்ந்து அவருக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டினான். அப்பாவுக்கு அவனை ரொம்பப் பிடிக்கும். கிளம்பும்போது வராந்தாவில் என் கணினியின் கடவுச்சொல்லைக் கேட்டான். பதிவுகளை ஒழுங்குபடுத்தி வைக்கிறேன், நீ நிம்மதியாக அப்பாவைப் பார் என்றான். சொன்னேன்.

அப்பாவின் காரியங்கள் முடிந்து திரும்பி வந்தபோது அவன் ஹைதராபாத்தில் ஒரு மாநாட்டு மேடையில் அதைச் சொல்லி முடித்திருந்தான். காப்புரிமைக்கும் விண்ணப்பம் போட்டிருந்தான். என் பெயர் எங்கும் இல்லை. புகார் கொடுத்தேன். அப்போதிருந்த துறைத் தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “உங்களுக்குள்ள சொந்த விஷயம் ஏதோ கசந்து போச்சு போல. அதை இங்க கொண்டு வராதேம்மா” என்றார்.

சொந்த விஷயம் எதுவும் இருக்கவில்லை. நாங்கள் நண்பர்கள். அவ்வளவுதான்.

பிப்ரவரி 9, திங்கள்

பெனிட்டாவுக்கு மூளைப் பதிவு கற்றுக் கொடுக்க ஆரம்பித்தேன். பூச்சி அறையில் பகலை இருட்டாக்கி வைத்திருக்கிறோம். காலையில் விளக்கணைந்தால் மங்கலான சிவப்பு பல்பு மட்டும் எரியும். பூச்சிகளுக்கு அது ராத்திரி.

ஆண் பூச்சியை ஒரு சின்னப் பிளாஸ்டிக் குழாய்க்குள் நுழைத்து, தலை மட்டும் வெளியே நீட்டும்படி மெழுகால் ஒட்ட வேண்டும். தலையின் மேலோட்டை மெல்லக் கீறித் திறந்தால் மூளை தெரியும், கடுகைவிடச் சிறியது. அதற்குள் முடியைவிட மெல்லிய கண்ணாடி ஊசி. உணர்கொம்புகள் பிடிக்கிற பெண் வாசனை முழுவதும் வந்து சேர, ஆணின் மூளையில் மட்டும் தனியாக ஒரு பெரிய முடிச்சு இருக்கிறது. பெண்ணின் மூளையில் அப்படி இல்லை. அங்கிருந்து புறப்படும் நரம்பணு ஒன்றை ஊசி தொட்டதும் ஒலிபெருக்கியில் டப்... டப்... என்று கேட்கும். பெண்ணின் வாசனையைக் காற்றோடு ஒரு முறை ஊதினால் தகரக் கூரையில் ஆலங்கட்டி மழை பெய்கிற மாதிரி சடசடக்கும்.

முதல் முறை கேட்டபோது பெனிட்டா வாயைப் பொத்திக்கொண்டாள். “ஏன் மேடம் விட்டு விட்டு ஊதுதோம்? தொடர்ந்து ஊதுனா இன்னும் நல்லாக் கத்தாதா?”

“கத்தாது. குழம்பிப் போயிடும்” என்றேன். வாசனை காற்றில் கயிறு மாதிரி நீண்டு வராது, பிய்த்துப் போட்ட பஞ்சு மாதிரி துண்டு துண்டாக வரும். ஒரு துண்டு பட்டதும் நரம்பணு சடசடக்கும், உடனே அடங்கி அடுத்ததற்குக் காத்திருக்கும். ஒவ்வொரு துண்டுக்கும் ஆண் எதிர்காற்றில் கொஞ்சம் முன்னேறும். துண்டு வராமல் போனால் இடமும் வலமுமாக அலைந்து தேடும். இடைவெளியே இல்லாமல் வாசனை கொட்டினால் பறப்பதையே விட்டுவிடும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது நேரம் போனதே தெரியவில்லை. இந்த வேலை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது இன்றுதான் நினைவுக்கு வந்தது.

பிப்ரவரி 12, வியாழன்

இதை யாரிடமும் சொன்னதில்லை. இங்கேயும் எழுதியதில்லை.

சேது திருடிக்கொண்டு போனது ஒரு பிழை.

அவன் மேடையேறிய அடுத்த மாதம், அது என் வேலைதான் என்று நிரூபிப்பதற்காகச் சோதனையை முதலிலிருந்து செய்தேன். இந்த முறை பூச்சிகளை நானே வளர்த்தேன். கூட்டுப்புழுவாக இருக்கும்போதே ஆண்களைப் பிரித்துத் தனித்தனிக் குப்பிகளில் வைத்தேன். வேதிப்பொருளைக் காட்டினேன். மூளை அடங்கவில்லை. ஆலங்கட்டி மழை அப்படியே பெய்தது. எத்தனை பூச்சியை வைத்துப் பார்த்தாலும் அதே மழை.

காரணம் புரிய கொஞ்ச நாள் ஆயிற்று. வளர்ப்பு அறையில் சேது ஆணையும் பெண்ணையும் பிரிக்கச் சோம்பல்பட்டு ஒரே கூண்டில் விட்டிருக்கிறான். எனக்கு வந்த ஆண்கள் முந்தின நாளே கூடி முடித்தவை. கூடிய ஆணின் உணர்கொம்பு மறுநாளும் வாசனையைப் பிடிக்கத்தான் செய்கிறது. மூளைதான் அதை மேலே அனுப்ப மறுக்கிறது. ஒரு நாள் போனால் பழையபடி ஆகிவிடும். அதையும் சோதித்து உறுதி செய்தேன். அவன் காப்புரிமை வாங்கிய வேதிப்பொருளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

அன்று ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். வெளியே சொல்லியிருந்தால் அவன் திருத்திக்கொண்டு தப்பித்திருப்பான். சொல்லவில்லை. ஏறட்டும், இன்னும் உயர ஏறட்டும் என்று விட்டுவிட்டேன். மழைக்காலத்தில், புழுவே இல்லாத பருவத்தில், முன்னோட்டம் நடத்தி வெற்றி என்று சொல்லியிருக்கிறான். இப்போது கோடை. அறுபது தோட்டம். பத்திரிகைக்காரர்களைக் கூட்டி வயல் விழா நடத்தப் போகிறானாம்.

விழட்டும். நான் தள்ளிவிடக்கூட வேண்டியதில்லை.

பிப்ரவரி 17, செவ்வாய்

கிணத்துக்கடவு போனோம். விவசாயிகள் குழுவுக்குத் தலைவி துளசிமணி. ஐம்பது வயதிருக்கும். கணவர் இல்லை. கிணற்றுப் பாசனத் தோட்டத்தில் தக்காளி போட்டிருக்கிறார். அறுபது பேரையும் மருந்தடிக்க வேண்டாம் என்று சம்மதிக்க வைத்தது அவர்தான். கொழுந்தனார் கடைசிவரை முரண்டு பிடித்திருக்கிறார்.

“போன வருசம் மருந்தடிச்ச கையோட எங்கூட்டுக்காரரு மயங்கி விழுந்தாருங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயும் பொழைக்கல. அதுக்கப்பறம் மருந்துப் பாட்டில் மூடிய நான் தொறக்கறதில்லீங்” என்றார். மோர் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “ஏனுங் அம்மணி, நீங்க கவர்மெண்டு ஆளு, பொய் சொல்ல வேண்டியதில்ல. இந்த டப்பா வேலை செய்யுங்களா?” என்று கேட்டார்.

“பார்ப்போம்” என்றேன்.

“ஆகட்டுங்” என்று சிரித்தார்.

பொய் சொல்லவில்லை. பார்ப்போம் என்றுதான் சொன்னேன்.

பிப்ரவரி 26, வியாழன்

இனக்கவர்ச்சிப் பொறிகள் எல்லாம் காலி. பெண்ணின் வாசனை வைத்த பொறியில் ஒரு ஆண்கூட விழவில்லை. சேது போனில் துள்ளினான்: “பார்த்தியா?” இந்தப் பக்கம் பூச்சி இன்னும் வரவேயில்லை, காற்று திரும்பினால்தான் வரும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

மார்ச் 2, திங்கள்

அம்மா ஈரோட்டிலிருந்து கூப்பிட்டாள். தம்பி மகனுக்குக் காதுகுத்து. பேசி முடிக்கிற நேரத்தில், “அந்த சேதுப் பையன் இப்ப எங்க இருக்கான்?” என்றாள். நாற்பத்திரண்டு வயதுப் பையன்.

“தெரியலம்மா.”

“உங்கப்பா கடைசியா அவனைத்தான் கேட்டாரு” என்றாள். இதை வருடத்துக்கு ஒரு முறை சொல்வாள்.

மார்ச் 6, வெள்ளி

சேது ஆய்வகத்துக்கு வந்தான். பெனிட்டாவை வெளியே அனுப்பச் சொன்னான். நான் அனுப்பவில்லை. அவனே குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“வல்லி, இது நல்லபடியா முடிஞ்சா நீ எங்க கம்பெனிக்கு வந்துடு. ஆராய்ச்சிப் பிரிவு மொத்தமும் உன்கிட்ட. ரொம்ப நாளாவே உனக்கு நன்றி சொல்லணும்னு நெனச்சேன்.”

“எதுக்கு?”

“உனக்குத் தெரியும்.”

“தெரியாது. வாயத் திறந்து சொல்லு.”

சிரித்துக்கொண்டே என் மேசையிலிருந்த பேனாவை எடுத்துத் திருகினான். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் யோசித்தேன். காலிஃபிளவர் வாங்கினேன். பாதி அழுகல்.

மார்ச் 11, புதன்

வந்துவிட்டது. இரண்டு நாளாக மேற்கேயிருந்து சூடான காற்று. இன்று பொறிகளைத் திறந்தால் ஒவ்வொன்றிலும் ஆண் பூச்சிகள் குவிந்து கிடக்கின்றன, பச்சை டப்பாவுக்குக் கை எட்டும் தூரத்தில். அவற்றின் மூளைக்கு ஒரு கேடும் இல்லை. வாசனை தெரிகிறது, வந்து விழுகின்றன.

துளசிமணி எட்டிப் பார்த்தார். “பூச்சி விழுதுங்களே அம்மணி?”

“கொஞ்சம் விழத்தான் செய்யும்.”

ஒப்பந்தப்படி மாத முடிவில்தான் அறிக்கை. அதற்கு முன் நான் வாய் திறக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. வயல் விழா 28-ஆம் தேதி.

மார்ச் 14, சனி

இலைகளில் முட்டை. கசகசா மாதிரி, தளிரிலும் பூவிலும். எல்லாத் தோட்டத்திலும்.

முட்டை பொரிந்து குஞ்சுப்புழு இலையைச் சுரண்டிக்கொண்டிருக்கும் சில நாட்கள் மட்டும்தான் அதைத் தடுக்க முடியும். விஷமருந்துகூட வேண்டாம், புழுவுக்கு மட்டும் நோய் தருகிற வைரஸ் கரைசல் எங்கள் நிலையத்திலேயே தயாராகிறது. காய்க்குள் புகுந்துவிட்டால் எதை அடித்தும் பிரயோசனமில்லை.

குளிர்ப்பெட்டியில் பாட்டில்கள் வரிசையாக இருக்கின்றன. இன்று எதற்கோ அந்த அறைக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மார்ச் 16, திங்கள்

பெனிட்டா ஓடி வந்தாள். கையில் கையுறையைக்கூடக் கழற்றவில்லை. “மேடம், ஒரு வெசயம். பச்சை டப்பா மருந்தை வச்சு நாலஞ்சு பூச்சியில பதிவு பண்ணிப் பாத்தேன். ஒண்ணும் அடங்க மாட்டேக்கு. மழை மாதிரி கொட்டுது. அதை விட மேடம்... நேத்து ஜோடி சேந்த ஒரு ஆணை சும்மா வச்சுப் பாத்தேன். கொம்பு பிடிக்குது, மூளை பேசவே மாட்டேக்கு! இது புதுசு மேடம். இப்படி ஒண்ணு நான் படிச்சதே இல்ல!”

அவள் கண் மின்னியது. எட்டு வருடத்துக்கு முன் அவள் எழுந்து வந்த நாற்காலியில் அப்படியே நான் உட்கார்ந்திருந்தேன். அதை அப்போதே வெளியிட்டிருந்தால் என் பெயரில் இருந்திருக்கும். வெளியிட்டிருந்தால் சேதுவின் பிழை அன்றே வெளிப்பட்டிருக்கும், சின்னதாக, யாருக்கும் வலிக்காமல். எனக்கு அது போதவில்லை.

“திரும்பச் செய். இன்னும் நிறைய பூச்சியில செஞ்சு பாரு. அவசரப்படாத. நாளைக்கு மறுபடி வச்சா அதே பூச்சி பழையபடி பேசும்” என்றேன்.

பெனிட்டா என்னைப் பார்த்தாள். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போயிற்று.

“மறுநாள் என்ன ஆவும்னு நான் இன்னும் பாக்கவே இல்லியே மேடம்.”

நான் மேசைமேலிருந்த பதிவேட்டைப் புரட்டினேன்.

“ஒங்களுக்கு முன்னாடியே தெரியும், என்ன?”

“போய் வேலையப் பாரு பெனிட்டா.”

“அங்க அறுபது தோட்டத்துல முட்டை கெடக்கு மேடம். நீங்கதான் எண்ணிட்டு வந்தீங்க.”

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போனாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

மார்ச் 17, செவ்வாய்

பெனிட்டா வரவில்லை. தலைவலி என்று செய்தி.

தலைக்குச் சாயம் போட்டேன். விழாவுக்கு மாம்பழ நிறப் புடவையைத் தேய்க்கக் கொடுத்தேன். நன்றாக இருக்கட்டும். அவன் விழும்போது என்னைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 18, புதன்

பொரிந்துவிட்டன.

மார்ச் 19, வியாழன்

துளசிமணி போன் செய்தார். “இலையில சின்னச் சின்னப் புழு தெரியுதுங் அம்மணி. கொழுந்தனாரு மருந்தடிக்கோணும்னு நிக்கறாரு. நான் உங்களைக் கேட்டுட்டுச் சொல்றேன்னு சொல்லிட்டனுங்.”

“டப்பாக்காரங்களைக் கேளுங்க” என்றேன்.

“அவுங்க எல்லாம் சரியாப் போயிடும்ங்கறாங்க. அதான் உங்களைக் கேக்கறேன்.”

அப்போது நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “இன்னும் ரெண்டு மூணு நாள் பொறுங்க.”

“சரிங். நீங்க சொன்னாச் சரி.”

போனை வைத்த பிறகு தோசை வார்த்தேன். சாப்பிடப் பிடிக்கவில்லை. அவர் கேட்டது யோசனை. நான் சொன்னதும் யோசனைதான். என் வேலை கண்காணிப்பது மட்டும்.

மார்ச் 23, திங்கள்

பெனிட்டா என்னிடம் கேட்காமல் குளிர்ப்பெட்டியிலிருந்த வைரஸ் பாட்டில்களைப் பையில் போட்டுக்கொண்டு சனிக்கிழமையே பஸ்ஸில் கிணத்துக்கடவு போயிருக்கிறாள். இன்றுதான் தெரிந்தது. கடைக்கோடியில் இருந்த சில தோட்டங்களுக்குத்தான் அது போதுமாயிருந்ததாம். மற்றவற்றில் புழு காய்க்குள் போய்விட்டது.

“துளசிமணியம்மா தோட்டம்?” என்று கேட்டேன்.

“அவுங்க கடைசியாத்தான் வாங்குவேன்னுட்டாங்க. மத்தவங்களுக்குக் குடுத்து முடியும்போது தீந்துட்டு.”

“என்னைப் பத்தி ஏதாவது சொன்னியா?”

“அதை நீங்க சொல்லணும் மேடம்” என்றாள்.

மார்ச் 27, வெள்ளி

நாளை விழா. புடவை வந்துவிட்டது.

மார்ச் 28, சனி

பந்தல் போட்டிருந்தார்கள். ஒலிபெருக்கி, நாற்காலிகள், பத்திரிகையிலிருந்து மூன்று பேர். சேது வெள்ளைச் சட்டையில் வந்திறங்கினான். என்னைப் பார்த்து, “இந்த நிறம் உனக்கு இன்னும் நல்லாயிருக்கு” என்றான். எனக்குக் காது சூடாயிற்று. கோபத்தில்தான்.

அவன் இரண்டு வாக்கியம் பேசியிருப்பான். துளசிமணி ஒரு பெரிய கூடையைத் தூக்கி வந்து மேசைமேல் கவிழ்த்தார். தக்காளிகள் உருண்டன. எல்லாவற்றிலும் ஓட்டை. ஒன்றை எடுத்து இரண்டாகப் பிளந்து அவன் முகத்துக்கு நேரே நீட்டினார். உள்ளே பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு பச்சைப் புழு.

“இது என்னுங் சார்?”

சேதுவின் முகம் வெளிறியதை நான் பார்த்தேன். நெற்றி வியர்த்தது. மைக்கைக் கையால் மூடினான். பத்திரிகைக்காரர்கள் படமெடுத்தார்கள். எட்டு வருடம் நான் மனதில் ஓட்டிப் பார்த்ததைவிட அது நன்றாக இருந்தது. நெஞ்சு குளிர்ந்தது என்று சொல்வார்களே, நிஜமாகவே அப்படி ஒரு குளிர்ச்சி. அதை மறைக்க மாட்டேன்.

“ஒரு சில தோட்டங்கள்ல... பராமரிப்புக் குறை இருந்திருக்கலாம்” என்றான் சேது. “கண்காணிச்ச டாக்டர் அமிர்தவல்லி இங்கதான் இருக்காங்க. அவங்க சொல்லட்டும்.”

எழுந்தேன். இதற்காகத்தான் காத்திருந்தேன். வேதிப்பொருள் வேலை செய்யாது என்றேன். ஆணின் மூளையை அது தொடுவதேயில்லை என்றேன். எட்டு வருடத்துக்கு முன் என் பதிவுகளை இவர் எடுத்துக்கொண்டு போனார், அந்தப் பதிவுகளும் இவர் பூச்சியைப் பிரிக்காமல் வைத்ததால் வந்த பிழை என்றேன். குரல் நடுங்காமல் வந்தது. சேது என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் உட்காரப் போனபோது துளசிமணி, “நில்லுங்க” என்றார். “இது வேலை செய்யாதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?”

கூட்டத்தின் ஓரத்தில் பெனிட்டா நின்றிருந்தாள். என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போதும் ஒரு பொய் சொல்லியிருக்கலாம். போன வாரம்தான் என்று சொன்னால் நம்பியிருப்பார்கள்.

“எட்டு வருசமா” என்றேன்.

“நான் மொத நாளு மோர் குடுத்துக் கேட்டப்ப?”

“தெரியும்.”

“போன்ல, மருந்தடிக்கட்டுமான்னு கேட்டப்ப?”

“தெரியும்.”

துளசிமணி என் புடவையை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

“இவரு தெரியாமக் கெடுத்தாரு. நீங்க தெரிஞ்சு வேடிக்கை பாத்தீங்க. இவரு மேல உங்களுக்கு இருந்த காய்ச்சலுக்கு என் வெள்ளாமையாங்க கெடச்சுது, மேடம்?”

அம்மணி போய் மேடம் வந்துவிட்டது. எட்டு வருடமாகச் சேதுவுக்கென்று சேர்த்து வைத்த வார்த்தைகள் நிறைய இருந்தன. இவருக்கென்று ஒன்றுகூட இல்லை.

சேது காரை நோக்கி நகர்ந்தான். வழியை மறித்து டிராக்டர் நின்றது. மேலே கொழுந்தனார். துளசிமணி சேதுவிடம் கையை நீட்டிக் கார்ச் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அடிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். சேதுவும் அப்படித்தான் நினைத்திருப்பான்.

“ஓட்டை விழுந்த காயெல்லாம் இப்பவே பறிச்சுக் குழியில போட்டு மூடோணும். இல்லீன்னாப் புழு மண்ணுக்குள்ள எறங்கி அடுத்த பூவுக்கு வந்துரும். இந்தப் பொண்ணு சொல்லுச்சு” என்று பெனிட்டாவைக் காட்டினார். “ரெண்டு பேரும் எறங்குங்க. பறிச்சு முடிக்கற வரைக்கும் யாரும் ஊட்டுக்குப் போறதில்ல.”

துளசிமணியின் தோட்டத்தில் இறங்கினோம். மாம்பழ நிறப் புடவையை முழங்காலுக்குச் செருகிக்கொண்டு நான் ஒரு வரிசை, வெள்ளைச் சட்டையைச் சுருட்டிவிட்டு அவன் அடுத்த வரிசை. வெயில் கொளுத்தியது. அழுகின காய் விரல் பட்டதும் உடைந்து கையெல்லாம் வழிந்தது.

“எப்பத் தெரியும்?” என்றான், செடியைப் பார்த்துக்கொண்டே.

“நீ மேடையேறின அடுத்த மாசம்.”

“அப்பவே சொல்லியிருந்தா நிறுத்தியிருப்பேன்.”

“மாட்ட.”

இரண்டு செடி தாண்டினான். “மாட்டேன்தான்” என்றான். பிறகு, “உங்கப்பா சாகறப்ப நான் அங்க இருந்திருக்கணும் வல்லி” என்றான்.

அவன் இதைச் சொல்ல வேண்டும் என்று எத்தனை வருடம் காத்திருந்தேன். இப்போது கையில் புழுத்த தக்காளியோடு கேட்டபோது, அதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வரப்பிலிருந்து துளசிமணி கத்தினார்: “பேச்சு அப்பறம். கூடை நெறையட்டும்.”

மார்ச் 29, ஞாயிறு

இயக்குநர் காலையிலேயே போன் செய்தார். விசாரணை முடியும்வரை நான் நிலையத்துக்குள் வரக்கூடாது. சரி சார் என்றேன். பெனிட்டாவின் கண்டுபிடிப்பை அவள் பெயரில் மட்டும் வெளியிட வேண்டும், என் பெயர் எங்கும் வேண்டாம் என்று அவரிடம் சொன்னேன். “அதை நாங்க பார்த்துக்கறோம்” என்று வைத்துவிட்டார்.

இருட்டும்வரை பறித்தும் பாதித் தோட்டம்தான் நேற்று முடிந்தது. பஸ் பிடித்துப் போனேன். துளசிமணி என்னைப் பார்த்தார், வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கூடைகள் இருந்த பக்கம் கையைக் காட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். மோர் எதுவும் வரவில்லை.

சேதுவின் கார் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தது. சாவியை நேற்றே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவன் வந்திருக்க வேண்டியதில்லை. குனிந்து பறித்துக்கொண்டிருந்தான், நேற்றைய அதே சட்டை, கறையோடு.

அவனைப் பார்த்ததும் பழைய கோபம் வருகிறதா என்று நின்று பார்த்தேன். வந்தது. கொஞ்சமும் குறையாமல் வந்தது. கூடையை எடுத்துக்கொண்டு பக்கத்து வரிசையில் இறங்கினேன்.